மேசைமேல் எந்தப் பூச்சு நிற்கும்?

பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்குக் கதவும் நிலையும் வாங்கி வந்து, ஆணி பிடுங்கி, இழைத்து, ஒட்டி, தானே ஒரு சாப்பாட்டு மேசை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மரத்துக்காக மாதக்கணக்கில் அலைந்த அவர்கள், பூச்சு வாங்க ஹார்டுவேர் கடையில் ஐந்து நிமிடம்தான் நிற்கிறார்கள். கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "கிளாஸியா, மேட்டா?" அதற்குச் சொல்லும் பதிலில் மேசை எவ்வளவு மின்னும் என்பது மட்டுமே முடிவாகிறது. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது முடிவாவதில்லை.

ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு கேள்விகள். இந்தப் பூச்சு எதையெல்லாம் தாங்க வேண்டும்? தாங்காமல் போகிற நாளில் யார் அதைச் சரிசெய்யப் போகிறார்? முதல் கேள்விக்கு டப்பாவின் மேலேயே ஓரளவு பதில் அச்சாகியிருக்கும். இரண்டாவதைப் பற்றி விற்பவரும் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. நான் இரண்டாவதற்கே கூடுதல் எடை தருகிறேன். ஒரு குடும்பம் தினமும் மூன்று வேளை புழங்குகிற பலகையில் சேதமே ஏற்படாத பூச்சு இதுவரை வந்ததில்லை.

முதலில் தாங்கும் திறன். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை படும் பாடு மேல்நாட்டு மேசையின் பாடு அல்ல. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். அதன் நிறமியான குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். அதனால் வெறும் மஞ்சள் தண்ணீர் சிந்தினால் பெரும்பாலும் துடைப்பில் போய்விடும். தாளித்த எண்ணெயோடு சிந்திய சாம்பார், பூச்சில் சிறு விரிசல் இருந்தாலும் உள்ளே இறங்கி நிற்கும். அதைக் காரமுள்ள சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் சிவப்பாக மாறும். தேய்ப்பவர் மிரண்டு இன்னும் அழுத்தித் தேய்ப்பார். புளியின் அமிலம், அப்பளத்தின் எண்ணெய், வாழையிலைக்கு அடியில் தேங்கும் தண்ணீர், சாப்பாடு முடிந்ததும் ஓடுகிற ஈரத்துணி, தரைக்கு வாங்கிய ஃபினாயில் கலந்த தண்ணீர், இப்போது கைகழுவும் சானிட்டைசர் என்று பட்டியல் நீளும். டானின் உள்ள மரத்தில் ஈரம் பட்ட இரும்பு வாணலியை வைத்து மறந்தால் கருநீலக் கறை விழும். பழைய காலத்து எழுது மை உருவானதும் இதே இரும்பு-டானின் வினையால்தான்.

சூடு தனிக் கதை. அறைக்கலன் பூச்சுகளைச் சோதிக்க ஐரோப்பாவில் தர விதிகள் இருக்கின்றன. ஈ.என். 12720 திரவக் கறைக்கு, 12721 ஈரச் சூட்டுக்கு, 12722 உலர் சூட்டுக்கு. ஈரச் சூட்டையும் உலர் சூட்டையும் தனித்தனியாகப் பிரித்ததில் காரணம் உண்டு. அடிப்பக்கம் ஈரமான சூடான பாத்திரத்தை வைத்தால் வெப்பம் பூச்சை இளக்குகிறது, நீராவி அதற்குள் நுழைகிறது, ஆறிய பின் வெள்ளை வளையமாகத் தங்கிவிடுகிறது. உலர்ந்த சூட்டில் இந்த இரண்டாம் தாக்குதல் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சாதப் பானையும், வழிந்த டபராவும் ஈரச் சூட்டின் வகை. ஆகவே "வெப்பத்தைத் தாங்கும்" என்று மட்டும் போட்டிருக்கிற டப்பாவை நான் நம்புவதில்லை.

"கடினம்" என்ற சொல்லையும் அப்படியே. பென்சிலால் கீறிப் பார்த்து 2 எச், 3 எச் என்று கடினத்தைச் சொல்வது வழக்கம். அது மேற்பரப்பில் கீறல் விழுமா என்பதற்கான அளவு மட்டுமே. மரம் உயிரற்றுப் போன பின்னும் ஈரக்காற்றில் விரிகிறது, வெயிலில் சுருங்குகிறது. 3 அடி அகலமுள்ள திட மரப் பலகை ஐப்பசிக்கும் சித்திரைக்கும் இடையே சில மில்லிமீட்டர் வேறுபடும். மாம்பலகை, சில்வர் ஓக் போன்ற மென்மையான மரத்தில் ஒரு கரண்டி விழுந்தால் மரம் குழியும். மேலே இருக்கும் படலம் கண்ணாடிபோல விறைப்பாக இருந்தால் மரத்தோடு சேர்ந்து குழிய முடியாமல் உடையும். உடைந்த இடத்தில் தண்ணீர் நுழையும். கடினத்தோடு நெகிழ்வும் வேண்டும் என்பதை இதனால்தான் அளவுகோலில் சேர்க்கிறேன்.

இனி ஒவ்வொன்றாக.

பிரெஞ்சு பாலிஷ் என்று நாம் சொல்கிற அரக்குப் பூச்சுக்கு நம் மண்ணில் நீண்ட உறவு உண்டு. கெர்ரியா லாக்கா என்ற சிறு பூச்சி பலாச மரத்திலும் இலந்தையிலும் சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்தால் அதுதான். கைதேர்ந்த பாலிஷ்காரர் பஞ்சுப் பொட்டலத்தால் நூறு முறை இழுத்து ஏற்றும் அரக்கின் ஆழம் வேறு எதிலும் வராது. ஒரு பழைய வீணையிலோ பீரோவிலோ அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களில் வண்ண அரக்குக் குச்சியைக் கடைசலில் சுழலும் மரத்தின்மீது அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். பொம்மைக்கு வரமாக இருக்கும் அந்தக் குணம்தான் சாப்பாட்டு மேசைக்குச் சாபம். சுமார் 75 டிகிரி செல்சியஸில் அரக்கு இளகிவிடும். ஆவி பறக்கும் ரசப் பாத்திரம் அதற்கு மேலே இருக்கும். ஸ்பிரிட்டில் கரைவதால் சானிட்டைசர் ஒரு சொட்டு போதும்; காரத்தில் கரைவதால் சோப்பும் பகை. அதன் பெருமை பழுதுபார்ப்பில். புதிய அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், தையல் தெரியாது. ஆனால் மாதந்தோறும் பழுதுபார்க்க வேண்டிய ஒன்றின் பழுது எளிது என்பதால் என்ன பயன்? பீரோவுக்கும் பூஜை மாடத்துக்கும் அரக்கு அடியுங்கள். மேசையில் அதற்கு மேல்படலமாக இடமில்லை; அடிப்படலமாக ஓர் இடம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் விரைவாகக் காயும், அழகாக இருக்கும். 1920களில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் அதை வரவேற்றது அந்த வேகத்துக்காகத்தான். தின்னரில் கரையும், நகப்பூச்சு நீக்கி பட்டால் குழம்பும், சூட்டில் வெண்மை பூக்கும், நாளடைவில் மஞ்சளிக்கும். மேசைக்கு வேண்டாம்.

மெலமைனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் நம் ஊர் பாலிஷ்காரர்களில் பலர் முதலில் சொல்லும் பெயர் அதுதான். சீலர் அடித்து, உப்புத்தாள் போட்டு, அமிலம் கலந்த ஹார்டனரைச் சேர்த்து அடித்தால் சில மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயார். இரண்டு மூன்று நாளில் வேலை முடியும். கூலி கணக்குக்கு அது உதவுகிறது. கறையையும் தண்ணீரையும் மெலமைன் நன்றாகவே தாங்குகிறது, அதை மறுக்கவில்லை. குறைகள் வேறு இடத்தில். இறுகும்போது ஃபார்மால்டிஹைடு வெளியேறும். வேலை முடிந்து நாட்கணக்கில் கண் எரிவது அதனால்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. படலம் விறைப்பானது, மரம் அசைய அசைய இணைப்புகளின் ஓரத்தில் மெல்லிய விரிசல் விடும். அந்த விரிசலை ஒட்டிப் பூச முடியாது. புதுக் கோட்டு பழையதில் கரைந்து சேராது. தேய்த்துவிட்டு அடித்தாலும் எல்லை தெரியும். பாலிஷ்காரர் திரும்ப வந்து முழுப் பலகையையும் சுரண்ட வேண்டும். நடைமுறையில் நடப்பது என்ன? யாரும் வருவதில்லை. மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பு வந்து சேர்கிறது. தேக்கு மேசை செய்து அதைப் பிளாஸ்டிக்கால் மூட வைக்கும் பூச்சைத் தோல்வி என்றே கணிக்கிறேன்.

இரண்டு டப்பா பி.யூ. இதற்கெல்லாம் மேலே நிற்கிறது. ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் 1937இல் கண்ட பாலியூரிதேன் வேதியியலின் வாரிசு அது. பாலியாலும் ஐசோசயனேட்டும் கலந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படலமாக இறுகும். கடினம், நெகிழ்வு, நீர், எண்ணெய், மஞ்சள், சோப்பு, ஸ்பிரிட் என்று எதில் சோதித்தாலும் இங்கே பேசும் பூச்சுகளில் முதல் மதிப்பெண் அதற்குத்தான். தாங்கும் திறன் மட்டுமே அளவுகோல் என்றால் இந்தக் கட்டுரை இந்த வரியிலேயே முடிந்திருக்கும்.

ஆனால் இங்கே மேசை செய்தவர் தானே பூச்சும் அடிக்கப் போகிறார். ஐசோசயனேட் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். கடலோரக் காற்றில் அடித்த பி.யூ. படலத்தில் ஊசிமுனைக் குமிழிகள் நிற்பதற்கு அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய ஆபத்து மூச்சில். ஸ்பிரே செய்யும்போது பறக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தரவல்லது. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும், மூச்சு இறுகும். துணி முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய்வழி தரும் முகமூடி வேண்டும். மொட்டை மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் வாடகை கம்ப்ரஸரோடு இந்த வேலையைச் செய்யும் பையன்களுக்கு அந்த முகமூடியை யாரும் தருவதில்லை என்பது என்னை வருத்துகிறது. மேசையைச் செய்து முடித்து, முறையான ஸ்பிரே அறை உள்ள பட்டறைக்கு அனுப்ப முடிந்தவர்கள் தாராளமாக இரண்டு டப்பா பி.யூ. அடிக்கலாம். வீட்டில் அடிக்க வேண்டாம். பழுதுபார்ப்பிலும் மெலமைனின் சிக்கல் இங்கே உண்டு. சேதம் தாமதமாக வரும் என்பது மட்டுமே ஆறுதல்.

எபாக்ஸியைத் தடிமனாக ஊற்றிக் கண்ணாடிபோல ஆக்குவது இப்போது நாகரிகம். வீட்டில் ஊற்றும் எபாக்ஸிகள் பல 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். சூடான பாத்திரத்தின் தடம் அப்படியே பதியும். வெயில் பட்டால் மஞ்சளிக்கும். மரத்தின் தொடுகை அடியோடு போய்விடும்.

எண்ணெய்களுக்கு வருவோம். நம் வீடுகளில் மரத்துக்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுவது பழக்கம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நிறைவுற்றவை, அது ஒருபோதும் காயாது. நல்லெண்ணெய் அரைகுறையாகப் பிசுபிசுக்கும். தூசி ஒட்டும், சிக்கு வாடை வரும். மேசைக்கு இரண்டும் ஆகாது. ஆளி விதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை உள்வாங்கி மெல்ல இறுகும். "பாயில்டு" என்று விற்பதில் அதை விரைவுபடுத்த உலோக உலர்த்திகள் கலந்திருக்கும். மரத்தின் வரியை அது எடுத்துக்காட்டும் விதம் அருமை. ஆனால் படலம் மென்மையானது, நீரைத் தடுப்பதில் பலவீனம், நம் மழைக்காலத்தில் பூஞ்சைக்குத் தீனி. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் உறுதியானதுதான். தோலைக் கொப்பளிக்க வைக்கும் பொருள்கள் அதில் இருக்கின்றன. உண்ணும் இடத்துக்கு அதைப் பச்சையாகக் கொண்டுவரக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை, எந்த மேசையையும்விட முக்கியமானது. ஆளி விதை எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், ஆக்சிஜனோடு சேரும்போது எழும் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் பற்றி எரிந்தது இப்படித்தான். மரவேலைக்குப் பயன்பட்ட எண்ணெய்த் துணிகள் 22ஆம் மாடியில் கிடந்தன. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். எண்ணெய் கலந்த எந்தப் பூச்சுத் துணியையும் வெளியே ஒற்றையாக விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

எண்ணெய் வகையில் மதிக்கத்தக்கது ஹார்டுவாக்ஸ் ஆயில். தாவர எண்ணெய்களோடு கார்னாபா போன்ற கடின மெழுகுகளைச் சேர்த்தது. இரண்டு மெல்லிய கோட்டு போதும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்துத் துணியால் தடவினால் சேர்ந்துகொள்ளும். பழுதுபார்ப்பில் அரக்குக்கு இணை, நீருக்கு அரக்கைவிடப் பல மடங்கு மேல். விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. என் தயக்கம் மஞ்சளில்: எண்ணெயோடு சிந்திய குழம்பை இரவு முழுக்க விட்டால் இந்தப் படலத்தில் கறை நிற்க வாய்ப்பு கூடுதல். உடனே துடைக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சுவது ஒற்றை டப்பா பி.யூ. வார்னிஷ். காயும் எண்ணெயோடு பாலியூரிதேனை இணைத்துச் செய்த பிசின், மினரல் டர்பன்டைனில் கரைந்திருக்கும். ஐசோசயனேட் பகுதி தொழிற்சாலையிலேயே வினை முடித்துவிடுவதால் வீட்டில் அந்த அபாயம் இல்லை. டர்பன்டைன் ஆவிக்காகச் சன்னலைத் திறந்து வைத்தால் போதும். பிரஷ்ஷாலோ துணியாலோ அடிக்கலாம். காபிச் சூட்டையும் நீரையும் புளியையும் தாங்கும், துடைத்துவிட்டால் மஞ்சளும் தங்காது. எண்ணெய் கலந்திருப்பதால் மரத்தோடு ஓரளவு நெகிழும்.

இதன்மேல் உள்ள குற்றச்சாட்டுகளும் உண்மையானவை. காய ஒரு இரவு ஆகும், அதற்குள் தூசி உட்காரும். படலம் தேன் நிறமாக ஆழும்; தேக்குக்கும் பலாவுக்கும் அது அழகு, வெளிர் நிற ரப்பர் மரத்துக்கு அழகல்ல. கடுமையான காரத்தை நெடுநேரம் தாங்காது. இரண்டு டப்பா பி.யூ.வைவிட விரைவில் கீறல் விழும். இவற்றில் எதையும் சிறிதென்று தள்ளவில்லை. ஆனால் நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ மேற்பரப்பு மங்கும்போது, மேசையைச் செய்தவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மென் சோப்பால் கழுவி, 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, ஒரு கோட்டு அடித்தால் அது மீண்டும் புதிது. சுரண்ட வேண்டாம், ஆள் தேட வேண்டாம். மற்ற பூச்சுகளின் மேன்மை அனைத்தையும் எதிர்த்தட்டில் வைத்தாலும் தராசு இந்தப் பக்கம் சாய்வது இதனால்தான்.

மரம் இங்கே ஒரு நிபந்தனை போடுகிறது. தேக்கிலும் தோதகத்தியிலும் உள்ள இயற்கைச் சாறுகள் எண்ணெய் சார்ந்த பூச்சு இறுகுவதைத் தடுக்கும். வாரக்கணக்கில் பிசுபிசுக்கும் தேக்கு மேசைகளின் ரகசியம் அதுவே. பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடைப்பது ஒரு வழி. இன்னும் நம்பகமானது, முன்பே சொன்ன அரக்கை அடிப்படலமாக மெல்லிய ஒரு கோட்டு அடிப்பது. மெழுகு நீக்கிய அரக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வார்னிஷ் ஒட்டாது. கரைசலை ஆடாமல் வைத்தால் மெழுகு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கரைத்து நெடுநாள் வைத்த அரக்கு இறுகும் சக்தியை இழக்கும், ஆகவே சருகாக வாங்கித் தேவைக்குக் கரைப்பதே சரி. வேங்கையில் ஈரம் பட்டாலே நிறம் கசியும். அதற்கும் இந்த அடிப்படலம் காப்பு.

பூசும் முறை எளிது. 120, 180, 220 என்று மரவரியின் திசையில் தேய்த்து, முதல் கோட்டில் சரிபாதி டர்பன்டைன் சேர்த்து, பிறகு மூன்று முழுக் கோட்டுகள், நடுவில் 320. மேட் வேண்டுமென்றால் கடைசிக் கோட்டு மட்டும் செமி மேட். மேட் பொடி அடியில் தங்கும், கிளறிப் பூசுங்கள், குலுக்கினால் குமிழி வரும். பலகையின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும் பலகை வளையும். தையும் மாசியும் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள்.

கையில் ஒட்டாத நிலை வேறு, உள்ளே இறுகிய நிலை வேறு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை சூடான பாத்திரமும் ஈரத்துணியும் வேண்டாம். நாம் பார்க்கும் வெள்ளை வளையங்களில் பலவற்றுக்குப் பூச்சைக் குறைசொல்கிறோம், அவசரமே காரணம். உணவுக்குத் தீங்கில்லையா என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான்: முழுவதும் இறுகிய படலத்தில் உணவு பட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று பாப் ஃப்ளெக்ஸ்னர் போன்ற பூச்சு வல்லுநர்கள் நெடுநாளாக வாதிட்டு வருகிறார்கள், அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். வண்ணம் கலந்த பூச்சு என்றால் ஈயம் மட்டும் பாருங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்தது. அதற்கு முந்தைய பழைய டப்பா பரணில் இருந்தால் மேசைக்கு எடுக்க வேண்டாம்.

ஆகத் தீர்ப்பு இது. தன் கையால் செய்து தன் கையால் பூசும் சாப்பாட்டு மேசைக்கு ஒற்றை டப்பா பி.யூ. வார்னிஷ் முதலிடம், தேக்கானால் அடியில் மெழுகு நீக்கிய அரக்கு. மரத்தின் தொடுகையை விரும்பும் கவனமான வீட்டுக்கு ஹார்டுவாக்ஸ் ஆயில் இரண்டாமிடம். நல்ல பட்டறை கைக்கெட்டினால் இரண்டு டப்பா பி.யூ.வும் சரியே. மெலமைன், என்.சி., எபாக்ஸி மூன்றும் வேண்டாம். எதை அடித்தாலும் அடுப்பிலிருந்து நேரே இறங்கும் பாத்திரத்துக்குப் பிரிமணை வேண்டும்.

பெரிய டப்பா வாங்குவதற்கு முன் சிறியதொன்று வாங்கி, மேசைக்கு மிஞ்சிய துண்டுப் பலகையில் அடித்து ஒரு மாதம் விடுங்கள். பிறகு உங்கள் வீட்டுச் சாம்பாரை அதன்மேல் ஊற்றி ஓர் இரவு வையுங்கள், சூடான டம்ளரை ஈரத்தோடு வையுங்கள், நீங்கள் புழங்கும் சோப்பால் தேயுங்கள். டப்பாவின் பின்பக்கத்தில் கலப்பதற்கு மினரல் டர்பன்டைன் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹார்டனரோ தண்ணீரோ சொல்லியிருந்தால் நான் இங்கே பரிந்துரைத்த பூச்சு அதுவல்ல.